டை வெட்டவில்லை, அட்டை வளைகிறது: மலையூரில் வாழ்த்து அட்டை செய்வோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

குன்னூரில் அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழையும் கிறிஸ்துமஸ் அட்டைகளுக்கான ஆர்டரும் ஒன்றாகவே வந்து சேரும். அடுத்துப் புத்தாண்டு, பொங்கல் என்று தை மாதம் வரை கைக்கு ஓய்விருக்காது, மூடுபனிக்கும் ஓய்விருக்காது. டை என்னும் கூர்முனை கொண்ட உலோக வடிவ அச்சையும் தாளையும் பிளேட் என்னும் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி வெட்டும், கையால் சுழற்றும் டை கட்டிங் மெஷினை வைத்து வாழ்த்து அட்டைகளும், தேயிலைப் பொட்டலத்திலும் சாக்லேட் பெட்டியிலும் தைலப் புட்டியிலும் கட்டுவதற்கான டேக்குகளும் செய்துவருகிறேன். என் மெஷினை ஓட்டிய நேரத்துக்குக் குறையாமல் அக்கம்பக்கத்தார் மெஷின்களைச் சரிபார்த்திருக்கிறேன். "அக்கா, மெஷின் போச்சு, டை வெட்டவே மாட்டேங்குது" என்று யாராவது படியேறி வந்தால் நான் முதலில் கேட்பது, "பேப்பரை எங்க வெச்சிருந்த?" என்பதுதான்.

கீழே ஒவ்வொரு குறைக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டு வாருங்கள். குறிப்பாக, அழுத்தத்தைக் கூட்டுவதை முதல் வைத்தியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் உடைத்த பிளேட்டுகள் எல்லாம் அப்படி உடைந்தவைதான்.

## எந்தக் குறையானாலும் முதலில்: தாள் ஈரம் குடித்திருக்கிறதா?

ஒரு தாளின் மூலையைப் பிடித்துக் காதருகே உதறிப் பாருங்கள். காய்ந்த 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) அட்டை தகரம்போல் படபடவென்று ஒலிக்கும். ஈரம் குடித்த அட்டை துணியைப்போல் சத்தமில்லாமல் வளையும். காது பழகாதவர்கள் சமையலறைத் தராசைப் பயன்படுத்தலாம். ஏ4 அளவில் 250 ஜி.எஸ்.எம். அட்டை பத்துத் தாள் ஏறக்குறைய 156 கிராம் இருக்க வேண்டும். கட்டுக்குக் கட்டு சிறிது மாறும் என்பதால், வாங்கிய அன்றே பத்துத் தாளை நிறுத்து உறையின்மேல் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். ஒரு வாரம் மழை விடாமல் பெய்தபின் அதே பத்துத் தாளை நிறுத்தபோது நான்கைந்து கிராம் கூடியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கூடியது அத்தனையும் தண்ணீர்.

ஈரம் என்று தெரிந்தால், தாளை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, நீராவி விடாத மிதமான சூட்டில் இரண்டு பக்கமும் இஸ்திரி போடுங்கள். சூடு ஆறும்வரை கனமான புத்தகங்களின் அடியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பளம்போல் சுருண்டுகொள்ளும். அச்சடித்த செய்தித்தாளை நடுவில் வைக்க வேண்டாம், மை ஏறிவிடும். காய்ந்த தாளை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். செருப்புப் பெட்டியில் வந்த பழைய பொட்டலம் ஏற்கெனவே குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்திருக்கும் என்பதால் அதை நம்பக் கூடாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். எங்கள் வீடுகளில் அந்தச் சுவர்தான் முதலில் வியர்க்கும்.

இதைச் செய்த பிறகும் குறை தொடர்ந்தால்தான் கீழே உள்ளவற்றுக்கு வர வேண்டும்.

## குறை: வடிவம் முழுதாக வெட்டுப்படவில்லை

### எந்த இடத்திலும் வெட்டு விழவில்லை, வெறும் தடம் மட்டும் தெரிகிறது

அடுக்கு தவறாக இருக்கிறது. மெல்லிய உலோக டைக்கு, மடித்துத் திறக்கும் அடித்தட்டின்மேல் ஒரு பிளேட், அதன்மேல் வெட்டும் முனை மேல்நோக்கி இருக்குமாறு டை, அதன்மேல் நல்ல முகம் கீழ்நோக்கி இருக்குமாறு தாள், அதன்மேல் இன்னொரு பிளேட் என்பது வழக்கமான வரிசை. வெட்டும் முனை எது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கும் பக்கமே முனை. மரப்பலகையில் பதித்து நுரை ஒட்டிய கனமான டைக்கு இந்த அடுக்கு பொருந்தாது. அதற்கு மெஷினோடு வந்த தாளில் காட்டிய அடுக்கைத்தான் பின்பற்ற வேண்டும். மெல்லிய டைக்கு உரிய அடுக்கில் கனமான டையை வைத்து அழுத்துவதுதான் மெஷினைப் பாழாக்குவதற்கு மிகச் சுருக்கமான வழி.

அடுக்கு சரியாக இருந்து, தாள் 300 ஜி.எஸ்.எம்.முக்கு மேற்பட்ட கனமாகவோ மினுமினுப்புத் தூள் ஒட்டியதாகவோ இருந்தால், ஒரே ஓட்டத்தில் வெட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடுக்கைக் கலைக்காமல் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டுங்கள்.

### ஒரு சில இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது

பலரும் அவசரப்பட்டுக் காசை இழக்கும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். பழைய தாளில் ஒரு முறை வெட்டி, வெட்டு விழாத இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். பிறகு டையை மட்டும் பிளேட்டின் வேறோர் இடத்துக்கு நகர்த்தி, அரை வட்டம் திருப்பி வைத்து, மறுபடி வெட்டுங்கள்.

வெட்டு விழாத இடம் டையோடு நகர்ந்தால், அதாவது பூவின் அதே இதழ்தான் மறுபடியும் ஒட்டிக்கொண்டிருந்தால், குறை டையிலோ அதை வைத்த விதத்திலோ இருக்கிறது. முதலில் டையைச் சாய்வாக வையுங்கள். நேர்க்கோடாக நீளும் விளிம்பு உருளைக்கு இணையாக உள்ளே போனால், முழு நீளமும் ஒரே நொடியில் வெட்டுப்பட வேண்டியிருக்கும். சிறிது சாய்த்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்படும். அதிலும் சரியாகவில்லை என்றால், டையின் பின்புறத்தில் அந்த இதழுக்கு நேராக மட்டும் 80 ஜி.எஸ்.எம். எழுதுதாளின் சிறு துண்டு ஒன்றை வையுங்கள். அதன் தடிமன் சுமார் 0.1 மி.மீ. தான், ஆனால் பெரும்பாலும் அதுவே போதும். இரண்டு துண்டு வைத்தும் வெட்டாத இதழ் மழுங்கிவிட்டது என்று முடிவு செய்யலாம்.

வெட்டு விழாத இடம் பிளேட்டின் அதே பகுதியிலேயே நின்றால் டைமேல் பழியில்லை. பிளேட்டில் கோடு கோடாகத் தடம் விழுவது இயல்பு. ஆனால் ஒரே டையை ஒரே இடத்தில் வைத்து நூறு டேக் வெட்டினால் அங்கே பள்ளம் விழும். மேல் பிளேட்டையும் கீழ் பிளேட்டையும் இடம் மாற்றுங்கள், தலைகீழாகத் திருப்புங்கள். பிளேட்டை மேசைமேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு மூலை தூக்கி ஆடினால் பிளேட் வில்லாக வளைந்திருக்கிறது. வளைந்த முதுகு மேலே இருக்கும்படி வைத்து நாலைந்து முறை வெறுமனே ஓட்டினால் ஓரளவு நிமிரும். பிளேட் என்பது தேய்ந்து தீரும் பொருள் என்பதை ஏற்றுக்கொண்டு, பருவத்துக்கு ஒரு இணை என்று கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

பிளேட்டை மாற்றியும் அதே பக்கம் வெட்டவில்லையானால், இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் டை இல்லாமல் வெள்ளைத் தாளும் அதன்மேல் கார்பன் தாளும் வைத்து ஓட்டிப் பாருங்கள். அழுத்தம் சமமாக இருந்தால் நீலம் சமமாகப் படியும். ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளுத்தும் இருந்தால், அடித்தட்டின் மடிப்புகளைத் திறந்து தட்டிப் பாருங்கள். ஒரு டிசம்பரில் நட்சத்திரத்தின் ஒரே முனை வெட்டவில்லை என்று நான் டையின் பின்னால் மூன்று தாள் வைத்து அழுத்தியதில் பிளேட் இரண்டாகப் பிளந்தது, டையும் வளைந்தது. பிறகு பார்த்தால் அடித்தட்டின் மடிப்புக்குள் விரல்நகம் அளவில் பழைய டேக்கின் துணுக்கு ஒன்று நசுங்கிக் கிடந்தது. அது ஒரு பக்கத்தைத் தூக்கியதால் மறுபக்கம் அழுத்தம் போயிருக்கிறது.

துணுக்கு எதுவும் இல்லாமலும் நீலம் ஒரு பக்கம் வெளுத்தே இருந்தால், உருளை வளைந்திருக்கும் அல்லது அதன் தாங்கி தேய்ந்திருக்கும். அதைக் கழற்றி வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். உத்தரவாதக் காலம் இருந்தால் விற்றவரிடமும், இல்லாவிட்டால் மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறக்கி லேத்துப் பட்டறையிலும் காட்டுங்கள். பட்டறைக்குப் போகும்போது நீலம் படிந்த தாளையும் எடுத்துப் போங்கள். ஆயிரம் வார்த்தை பேச வேண்டியிருக்காது.

## குறை: விளிம்பு பிசிறாக, பஞ்சுபோல் வருகிறது

ஈரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அடுத்த காரணம் தாளின் தரம். பருத்திக் கூழில் செய்த கைத்தாள் பார்க்க அழகுதான், ஆனால் அதன் நார் நீளம், கனமும் இடத்துக்கு இடம் மாறும். நுணுக்கமான டைக்கு அது ஏற்றதல்ல. இலை, இதயம், பறவை போன்ற முழு வடிவங்களுக்கு அதை வைத்துக்கொண்டு, பின்னலான பூ வேலைக்கு வழவழப்பான ஐவரி அட்டையை எடுங்கள். மலிவான சார்ட் அட்டை நடுவில் பிரிந்து இரண்டு படலமாக வந்தால் அதற்கு மருந்து கிடையாது.

நல்ல ஐவரி அட்டையும் பிசிறினால் டை மழுங்கத் தொடங்கியிருக்கிறது. அலுமினியத் தாளில் மூன்று நான்கு முறை வெட்டினால் கூர்மை வரும் என்று சிலர் சொல்வார்கள். முனையில் ஒட்டிய நாரும் பசையும் விலகுவதால் சற்றுச் சுத்தமாக வெட்டுமே தவிர, போன கூர்மை திரும்பாது.

## குறை: வெட்டிய வடிவம் டையிலிருந்து வர மறுக்கிறது

டைக்கும் தாளுக்கும் நடுவில் டையின் அளவுக்கு மெழுகுத்தாள் ஒன்றை வைத்து ஒரு முறை வெட்டுங்கள். அடுத்த ஏழெட்டு வெட்டுகளுக்கு வடிவம் தானாக உதிரும். வராதவற்றை, டையின் முதுகிலுள்ள சிறு துளைகள் வழியாகக் குண்டூசியால் மெதுவாகத் தள்ள வேண்டும். முன்பக்கமிருந்து நகத்தால் பிய்த்தால் கிழியும். எண்ணெய் தடவும் யோசனை தோன்றினால் கைவிடுங்கள்.

## குறை: கைப்பிடி சுழல மறுக்கிறது, அல்லது சத்தம் வருகிறது

பிளேட் நறநறவென்று முனகுவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கைப்பிடி பாதியில் நின்றால் அங்கேயே நிறுத்திப் பின்னோக்கிச் சுழற்றி அடுக்கை வெளியே எடுத்துவிடுங்கள். உடம்பின் எடையைப் போட்டு அழுத்துவது, கணவரையோ மகனையோ கூப்பிட்டுச் சுழற்றச் சொல்வது இரண்டும் கூடாது.

வெளியே எடுத்த அடுக்கில் தாள் ஒன்றா இரண்டா, டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா, டையின் பின்னால் வைத்த தாள் துண்டு மறந்துபோய்க் கிடக்கிறதா என்று பாருங்கள். அடுக்கு சரியாக இருந்தும் சுழற்றும்போது மெஷினே மேசையோடு நகர்ந்தால், அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் பிடிக்கவில்லை என்று பொருள். குளிரில் அந்த ரப்பர் விறைத்துப்போகும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் ரப்பரையும் மேசையையும் துடைத்து, வழவழப்பான பரப்பில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

எந்த அடுக்கும் இல்லாமல் வெறும் மெஷினைச் சுழற்றும்போதே ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று தடுக்கிக் கேட்டால் பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு சுற்றுகூடச் சுற்ற வேண்டாம், உடைந்த பல் மற்ற பற்களையும் தின்றுவிடும். இதுவும் பட்டறை வேலை. சக்கரம் பிளாஸ்டிக்காக இருந்தால் பட்டறையிலும் கைவிரிக்கலாம், அப்போது புதிய மெஷினின் விலையைக் கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

## குறை: ஒட்டி முடித்த அட்டை வளைகிறது

### ஒட்டிய சில நிமிடங்களிலேயே வளைந்தால்

வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர்தான் காரணம். தூரிகையால் முழுப் பரப்பிலும் பூசாமல், வடிவத்தின் ஓரத்தில் இருந்து சிறிது உள்ளே தள்ளி ஊசிமுனைப் புட்டியால் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். பெரிய பின்புலத் தாளுக்குப் பசையே வேண்டாம், டபுள் சைடு டேப் போடுங்கள்.

### மறுநாள் காலையில் வளைந்திருந்தால்

தாளின் இழை ஓட்டத்தை, அதாவது அதன் நார்கள் படுத்திருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். தாளை மடிக்காமல் நீளவாக்கில் ஒரு முறையும் அகலவாக்கில் ஒரு முறையும் உள்ளங்கையால் லேசாக அழுத்தி வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் முதுகெலும்பு ஓடும் திசையே இழையின் திசை. அடி அட்டையின் இழையும் மேலே ஒட்டும் தாளின் இழையும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மாறி இருந்தால், ஈரம் ஏறி இறங்கும்போது ஒன்று ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் இழுத்து, அட்டை கிண்ணம்போல் ஆகிவிடும். துண்டுத் தாளை வீணாக்கக் கூடாது என்று கிடைத்த திசையில் வெட்டுவதால்தான் இந்தக் குறை வருகிறது. வெட்டும் முன்பே தாளின் பின்புறம் இழைத் திசையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பது என் வழக்கம்.

ஏற்கெனவே வளைந்த அட்டையைப் பின்பக்கம் மெல்லிய சூட்டில் இஸ்திரி போட்டு ஒரு இரவு புத்தகத்தின் அடியில் வைத்தால் பாதி நிமிரும். வாங்குபவர் சமவெளியில் இருக்கிறார் என்றால் இன்னொன்றும் நடக்கும்: இங்கே நேராக இருந்த அட்டை கோவையின் காய்ந்த காற்றில் எதிர்ப்பக்கம் வளையும். ஆகவே அஞ்சலில் அனுப்பும் அட்டைகளைக் காய்ந்த நிலையிலேயே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

### மடிப்பில் வெடித்து வெள்ளை தெரிந்தால்

மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது. ஏ4 தாளை மடித்து ஏ5 அட்டையாக்கும்போது மடிப்புக்கோடு இழையோடு ஓட வேண்டும். முடியாதபோது, தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து இரண்டு மூன்று முறை கோடு இழுத்துப் பள்ளம் செய்து, பிறகு மடியுங்கள்.

## குறை: ஒட்டிய வடிவம் உரிந்து விழுகிறது

குளிர் நாட்களில் இது இருவகையாக வரும். வெள்ளைப் பசை காய்ந்த பிறகு கண்ணாடிபோல் தெளியாமல் சுண்ணாம்புபோல் வெளுத்து உதிர்ந்தால், பசை குளிரில் காய்ந்திருக்கிறது. ஊட்டியிலும் தலைக்குந்தாவிலும் உறைபனி விழும் ஜனவரி நாட்களில் விடியற்காலையில் ஒட்டும் வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. பத்து மணிக்கு மேல், பசைப் புட்டியை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள டம்ளரில் கால்மணி நேரம் நிறுத்திவைத்துப் பிறகு ஒட்டுங்கள். ஃபோம் டேப்புக்கும் குளிரில் பிடிமானம் குறையும். ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் விரல் சூட்டில் பிடித்துக்கொள்ளும். முத்துப் பளபளப்பு அட்டையிலும் மினுமினுப்புத் தாளிலும் எதை ஒட்டினாலும், ஒட்டும் இடத்தை முதலில் மணல்தாளால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும்.

இன்னொரு வகை உரிதல் எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. தேயிலைக் கடைக்குக் கொடுத்த டேக் அப்படியே இருக்கும். அதே டேக் யூகலிப்டஸ் தைலக் கடையில் ஒரு வாரத்தில் பூவை உதிர்த்துவிடும். தைலம் டேப்பின் பசையை இளக்கிவிடுகிறது என்பதும், அதே தைலத்தைத் தொட்டுத்தான் கடைக்காரர்கள் புட்டியில் ஒட்டிய விலைச்சீட்டைத் துடைத்து எடுக்கிறார்கள் என்பதும் பிறகுதான் உறைத்தது. அதற்குப்பின் தைலப் புட்டிக்கான டேக்கில் எதையும் டேப்பால் ஒட்டுவதில்லை. வடிவத்தை டேக்கிலேயே சன்னலாக வெட்டிவிடுகிறேன், அல்லது இரண்டு தையல் போட்டு நூலால் பிடிக்கிறேன். கழுத்தில் கசிந்த தைலத்தைத் துடைத்துவிட்டுக் கட்டும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். கறை ஏறிய டேக்கை மீட்க முடியாது. சாக்லேட் பெட்டிக்கான டேக்கும் நெய்போல் கறை பிடிக்கும் என்பதால், பெட்டிக்கு உள்ளே வைக்காமல் வெளியே கட்டச் சொல்ல வேண்டும்.

## குறை: டேக்கின் ஓட்டை கிழிகிறது

ஓட்டையின் ஓரத்துக்கும் டேக்கின் விளிம்புக்கும் இடையே குறைந்தது 5 மி.மீ. விடுங்கள். அப்படியும் கிழிந்தால் அதே தாளில் ஒரு சிறு வளையம் வெட்டி ஓட்டையைச் சுற்றி ஒட்டுங்கள். கனமான பொருளுக்கு உலோக ஐலெட் அடிக்க வேண்டும். தையல் சாமான் கடைகளில் அடிக்கும் கருவியோடு கிடைக்கும்.

## குறை: டை துருப்பிடித்து, தாளில் பழுப்புத் தடம் விடுகிறது

டையை ஈரக்கையால் எடுத்து அப்படியே உறைக்குள் போட்டதன் விளைவு இது. காய்ந்த பல்துலக்கியால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு எண்ணெய் முழுதும் போகும்வரை பழைய தாளில் பத்துப் பன்னிரண்டு முறை வெட்டுங்கள். கடைசித் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எண்ணெய்ப் பளபளப்பு இல்லை என்று கண்ட பிறகே நல்ல தாளை வையுங்கள். இனி டைகளைக் காந்தத்தாளில் ஒட்டி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம்.

துரு வெட்டும் முனையையே அரித்து ரம்பப் பல்போல் ஆக்கியிருந்தால் அந்த டையால் இனி வெட்ட முடியாது. அதே வடிவம் சில நூறுக்கு மேல் வேண்டியிருக்கிறது என்றால், கையளவு டையை மறுபடி வாங்குவதைவிட, சிவகாசியிலோ கோவையிலோ அச்சக டை செய்து தருபவரிடம் வரைபடத்தைக் கொடுத்து அங்கேயே வெட்டி வாங்குவது மலிவாக முடியலாம். இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய டையைத் தூக்கி எறிய வேண்டாம். முதுகுப் பக்கத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து கத்தரியால் வெட்டுவதற்கு அது இன்னும் பல வருடம் உதவும்.